பைண்டிங் இயந்திரத்தில் முதல் துளை

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் சில வாரங்களுக்குள் எப்படியும் வந்து சேரும் வேலைகளுள் ஒன்று, “இதை மூன்று படி எடுத்து பைண்டு செய்து வைத்துவிடுங்கள்” என்பது. மூலையில் உறை போட்டு வைத்திருக்கும் பைண்டிங் இயந்திரம் பார்வைக்கு எளியது: தாளை நுழைக்க ஒரு பிளவு, அழுத்த ஒரு கைப்பிடி, மேலே வரிசையாகச் சில கொக்கிகள். எளிதாகத் தெரிவதாலேயே அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பல நாள் உழைத்துத் தயாரித்த அறிக்கை, ஓரத்தில் பாதித் துளையும் சாய்ந்த முதுகும் புரட்டும்போது சிக்கிக் கிழியும் தாள்களுமாக மேலாளரின் மேசைக்குப் போய்ச் சேருகிறது.

இந்த வேலையில் மீட்டுக்கொள்ள முடியாத படி துளையிடுதல்தான். அச்சு சரியில்லை என்றால் மறுபடி அச்செடுக்கலாம். தாள்களைக் கோக்கும் பிளாஸ்டிக் சீப்பின் அளவு பொருந்தவில்லை என்றால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அட்டையின் நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். துளை விழுந்த தாளில் அந்தத் துளையை அடைக்க வழியில்லை. ஆகவே, இயந்திரத்தில் கோப்பதைக் காட்டிலும் துளையிடுவதற்கும் அதற்கு முந்தைய ஏற்பாடுகளுக்குமே இங்கு அதிக இடம் கொடுக்கப்பட்டுள்ளது.

எந்த வகை பைண்டிங் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடைப்பேச்சில் எல்லாவற்றையும் ‘ஸ்பைரல்’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அலுவலகங்களில் காணப்படுபவை நான்கு வகை. சீப்பின் பற்களைப் போல வளைந்த பிளாஸ்டிக் வளையங்களை ஒரு முதுகில் கொண்டது கோம்ப் பைண்டிங். இந்த வகை இயந்திரமே நம் அலுவலகங்களில் அதிகம் என்பதால் இக்கட்டுரை அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. இரட்டைக் கம்பி வளையங்களால் ஆனது வைரோ. மேசை நாட்காட்டிகளில் நாம் பார்ப்பது இதுதான். ஒரே நீண்ட பிளாஸ்டிக் சுருளைத் திருகி ஏற்றுவது மெய்யான ஸ்பைரல். முதுகில் உலர்ந்த பசை பூசிய உறைக்குள் தாள்களை வைத்துச் சூடாக்கி ஒட்டவைப்பது தெர்மல் பைண்டிங். இதற்குத் துளையே தேவையில்லை.

இவற்றுள் எதைத் தேர்வது என்பதை ஆவணத்தின் பிற்கால வாழ்க்கை முடிவு செய்யட்டும். பின்னர் தாள் சேர்க்கவோ மாற்றவோ வேண்டியிருந்தால் கோம்ப் நல்லது, ஏனெனில் அதைத் திறந்து மூடலாம். முழுவதுமாகப் பின்பக்கம் மடித்துக் கையில் பிடித்துப் படிக்க வேண்டிய பயிற்சிக் கையேட்டுக்கு வைரோவோ ஸ்பைரலோ ஏற்றது; கோம்ப் போட்ட புத்தகம் மேசையில் விரிந்து கிடக்கும், ஆனால் முழுச் சுற்று மடங்காது. பையில் போட்டு அலைக்கழிக்கப்படும் பிரதி என்றால், நசுங்கினாலும் மீண்டெழும் ஸ்பைரல் சுருள் நீண்ட நாள் தாங்கும். வைரோ கம்பி ஒருமுறை நெளிந்தால் நெளிந்ததுதான். டெண்டர் ஆவணமாக இருந்தால், இயந்திரத்தின் பக்கம் போவதற்கு முன் டெண்டர் விதிகளைப் படித்துவிடுங்கள். தாளை உருவி மாற்ற முடியும் என்ற காரணத்தால், ஸ்பைரல் போன்ற கட்டுகளை ஏற்க மாட்டோம் என்று எழுதியிருக்கும் டெண்டர்கள் உண்டு. அவற்றுக்கு வெளியே கொடுத்து ஹார்டு பைண்டிங் செய்வதே வழி.

அச்செடுக்கும் முன் ஓரம்

கோம்ப் இயந்திரம் இடும் துளை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம். தாளின் விளிம்பிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அது விழும். ஆக, துளை மட்டுமே விளிம்பிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல், புத்தகத்தை விரிக்கும்போது முதுகை ஒட்டி வளையும் பகுதியும் கண்ணுக்கு எட்டாது. எனவே கட்டப்படும் பக்கத்தில் 2 சென்டிமீட்டர் என்பது குறைந்தபட்சம். 3 சென்டிமீட்டர் இருந்தால் படிப்பவர் புத்தகத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டியிராது. ஆய்வேடுகளுக்கு இடது ஓரம் ஒன்றரை அங்குலம் கேட்கும் வழக்கம் இதனால் வந்ததே. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் முதல் மனுக்களை ஏ4 தாளில் இருபுறமும் அச்சிட்டுத் தரலாம் என்று மாற்றியபோது, இடமும் வலமும் 4 சென்டிமீட்டர் ஓரம் விடச் சொன்னது. இருபுற அச்சில் பின்பக்கத்தின் வலது ஓரம்தான் கட்டுக்குள் போகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இரு பக்கமும் ஒரே ஓரம் விடுவதன் வசதி விளங்கும்.

வேர்டு மென்பொருளில் இதற்கென்றே, கட்டும் பக்கத்தில் கூடுதல் ஓரம் விடும் ‘கட்டர்’ (gutter) என்ற அமைப்பு, பக்க ஓரங்களுக்கான பெட்டியிலேயே இருக்கிறது. ஒருபுறம் மட்டும் அச்சிடுகிறீர்கள் என்றால் இடது ஓரத்தைக் கூட்டினாலே போதும். இருபுறமும் அச்சிடுவதாக இருந்தால் ‘மிரர் மார்ஜின்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைப்படைப் பக்கத்தில் இடப்புறமும் இரட்டைப்படைப் பக்கத்தில் வலப்புறமுமாகக் கூடுதல் ஓரம் தானாக மாறி அமையும். அச்சுப்பொறியின் அமைப்பில் நீண்ட விளிம்பில் திருப்பு என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால், பின்பக்கங்கள் அத்தனையும் தலைகீழாக வந்து நிற்கும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், முப்பது படிகளை இப்படித் தலைகீழாக அச்செடுத்து, அவற்றைச் சரிபார்க்காமலேயே பாதிக்கு மேல் துளையும் போட்டு முடித்த பிறகு, தேநீர் கொண்டுவந்தவர் புரட்டிப் பார்த்துச் சொல்லித்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஒரே ஒரு படியை முழுதாக அச்செடுத்து, முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை விரலால் புரட்டிப் பார்த்த பிறகே மற்றப் படிகளுக்கு உத்தரவு கொடுக்கிறேன்.

குறுக்குவாட்டில் அமைந்த அட்டவணைப் பக்கங்கள் இருந்தால், அட்டவணையின் தலைப்பகுதி கட்டும் விளிம்பை நோக்கி இருக்க வேண்டும். படிப்பவர் புத்தகத்தை வலப்புறமாகக் கால் சுற்றுத் திருப்பினால் நேராகப் படிக்க வரும். அந்தப் பக்கங்களில் மேல் ஓரமே கட்டு ஓரமாகிறது என்பதால் அங்கும் 3 சென்டிமீட்டர் விடுங்கள். பெரிய வரைபடத்தை ஏ3 தாளில் சேர்க்க வேண்டியிருந்தால், அதை வெறுமனே பாதியாக மடித்துவிடாதீர்கள். மடித்த இரண்டாம் பாதியின் விளிம்பிலும் துளை விழுந்து, வரைபடம் விரிய மறுக்கும். 420 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் தாளை, கட்டும் விளிம்பிலிருந்து 195 மில்லிமீட்டரில் ஒருமுறை உள்நோக்கி மடித்து, மீதமிருக்கும் 225 மில்லிமீட்டரைச் சரிபாதியாக எதிர்த்திசையில் மீண்டும் மடித்தால், மடிப்பு எதுவும் துளைப் பகுதிக்குள் வராது; தாளின் நுனியும் வலப்புறமே நிற்பதால் இழுத்து விரிக்கச் சுலபமாக இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கோப்புகள் லெட்டர் அளவில், அதாவது 216-க்கு 279 மில்லிமீட்டரில் இருக்கும். நம்முடைய ஏ4 தாள் 210-க்கு 297. இரண்டையும் கலந்து அச்செடுத்தால் தாள்கட்டின் விளிம்பு ஒன்றுசேராது. அச்செடுக்கும்போதே எல்லாவற்றையும் ஏ4-க்கு மாற்றிவிடுங்கள்.

தாள்களைத் தயார் செய்தல்

லேசர் அச்சுப்பொறியிலிருந்து வெளிவரும் தாள் சூடாகவும் சற்றே சுருண்டும் இருக்கும்; தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் இருக்கும். அந்த நிலையில் துளையிட்டால், ஒரு முறைக்கு நுழைக்கும் தாள்களின் ஒவ்வொரு கொத்திலும் துளை ஒவ்வோர் இடத்தில் விழும். பத்து நிமிடமாவது தட்டையான மேசையில், மேலே ஒரு கனமான பதிவேட்டை வைத்து ஆறவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் திறந்து வைத்த ரீமிலிருந்து எடுத்த தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரத்தில் அலை அலையாக நெளிந்திருக்கும்; அதற்குத் தீர்வு பைண்டிங் மேசையில் இல்லை, ரீமை அதன் உறையிலேயே மூடி வைப்பதில் இருக்கிறது.

அடுத்து, பின்களை அகற்றுங்கள். பழைய கோப்புகளிலிருந்து எடுத்துச் சேர்த்த தாள்களில் ஸ்டேப்ளர் பின்னோ குண்டூசியோ ஒன்று ஒளிந்திருக்கும். துளையிடும் பற்களுக்கு இதைவிடப் பெரிய பகை வேறில்லை; ஒரே ஒரு பின் சிக்கினாலும் ஒரு பல்லின் முனை மழுங்கி, அதன்பின் அந்த ஓரிடத்தில் மட்டும் எப்போதும் தாள் பிய்ந்துகொண்டே இருக்கும். பசையோ ஒட்டுவில்லையோ ஒட்டிய இடம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு தட்டிச் சேர்க்க வேண்டும். தாள்கட்டை இரு கைகளாலும் தளர்வாகப் பிடித்து, ஒரு முனையை வளைத்து விசிறி போலப் பிரித்துக் காற்றுப் புகவிட்டு, நீண்ட விளிம்பு கீழே வரும்படி மேசையில் நாலைந்து முறை தட்டுங்கள். பிறகு குறுகிய விளிம்பு கீழே வரும்படி தட்டுங்கள். இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினால் தாள்கள் நகரா, விளிம்பும் ஒன்றுபடாது. எந்த விளிம்பைக் கடைசியாகத் தட்டினீர்களோ அதுவே மிகச் சீராக இருக்கும். ஆகவே கட்டப்போகும் நீண்ட விளிம்பை இன்னொரு முறை கடைசியாகத் தட்டி முடியுங்கள்.

இயந்திரத்தை அமைத்தலும் சோதனைத் துளையும்

ஏ4 தாளுக்கான கோம்ப் சீப்பில் 21 பற்கள் இருக்கின்றன. அடுத்தடுத்த பற்களுக்கு இடையே ஏறத்தாழ 14.3 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், முதல் துளையின் தொடக்கத்திலிருந்து இருபத்தோராம் துளையின் முடிவு வரை சுமார் 294 மில்லிமீட்டர் ஆகிறது. தாளின் நீளமோ 297. மேலும் கீழும் மிஞ்சுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. தாள் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு முனையில் துளை விளிம்பை உடைத்துக்கொண்டு திறந்துவிடும் என்பதும், பக்கத் தடுப்பை அமைப்பதில் இத்தனை கவனம் ஏன் என்பதும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கின்றன.

பக்கத் தடுப்பு என்பது பிளவின் ஓரத்தில் தாளின் முனை முட்டி நிற்கும் சிறு தகடு. பெரும்பாலான இயந்திரங்களில் அது ஒரு திருகால் நகரும். ஏ4, ஏ5 என்று குறியும் இருக்கும். குறியை நம்பி நேரே வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். வீணான இரண்டு ஏ4 தாள்களை நுழைத்து, தடுப்போடு முட்டவைத்து, துளையிட்டு வெளியே எடுங்கள். அதன் மேல் முனையும் கீழ் முனையும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி குறுக்கே பாதியாக மடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவிலுள்ள பதினோராம் துளை சரிபாதியாக மடிந்து, மற்றத் துளைகள் ஒன்றையொன்று முழுமையாக மூடினால் அமைப்பு சரி. இரண்டு மில்லிமீட்டர் விலகித் தெரிந்தால் தடுப்பை அதில் பாதி, அதாவது ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்த வேண்டும். மடிப்பில் பிழை இரட்டித்துக் காட்டுகிறது என்பதை மறந்து முழுதாக நகர்த்திவிட்டு, மறுபக்கம் பிழை வந்துவிட்டதே என்று குழம்புபவர்கள் பலர்.

ஏ5 போன்ற சிறிய தாளாக இருந்தால், தாளின் முனையில் பாதியாக விழும் துளையைத் தவிர்க்க, அந்த இடத்தில் துளையிடும் பல்லை மட்டும் வேலை செய்யாமல் நிறுத்திவைக்கும் வசதி சில இயந்திரங்களில் உண்டு. மேற்புறம் வரிசையாகத் தெரியும் சிறு இழுப்பான்களில் உரியதை வெளியே இழுத்தால் அந்தப் பல் இறங்காது. வேலை முடிந்ததும் அதைப் பழையபடி உள்ளே தள்ளிவிடுங்கள். அடுத்து வருபவர் ஒரு துளை குறைந்த தாளோடு விழிக்க நேரக் கூடாது.

துளையின் ஆழத்தை மாற்றும் குமிழும் பல இயந்திரங்களில் இருக்கிறது. இங்கே ஆழம் என்பது விளிம்புக்கும் துளைக்கும் உள்ள தூரம். மெல்லிய புத்தகத்துக்குச் சிறிய வளையம். அதற்குத் துளை விளிம்பின் அருகில் இருந்தால்தான் தாள் சுற்றி வரும். தடித்த புத்தகத்துக்குப் பெரிய வளையம். அதற்குத் துளை சற்று உள்ளே தள்ளி இருந்தால்தான் தாள் கிழியாமல் தாங்கும். ஒரே புத்தகத்துக்குள் இந்த அமைப்பை மாற்றவே கூடாது. பாதி வேலையில் இன்னொருவர் வந்து தம்முடைய நாலு தாளைத் துளைத்துக்கொண்டு போயிருந்தால், திரும்பச் சோதனைத் துளையிட்டுப் பார்த்துவிட்டே தொடருங்கள்.

துளையிடுதல்

இயந்திரத்தின் பெட்டியில் ‘20 தாள்’ என்று எழுதியிருந்தால், அது புதிய பற்களுக்கும் மெல்லிய தாளுக்கும் சொன்ன கணக்கு என்று எடுத்துக்கொண்டு பதினான்கு, பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கமான 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளுக்கே இந்த அளவு, 100 ஜி.எஸ்.எம். தாள் என்றால் பத்து. அதிகம் வைத்தால் கைப்பிடி இறங்காது என்பது மட்டும் இதில் உள்ள சிக்கல் இல்லை. கைப்பிடி இறங்கியே விடும், ஆனால் பற்கள் தாளைத் துளைக்கும் முன் அழுத்தி நகர்த்துவதால், கொத்தின் மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் துளை வெவ்வேறு இடத்தில் இருக்கும். கோக்கும்போதுதான் அது தெரியவரும்.

ஒவ்வொரு முறையும் தாளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் கொத்தை மட்டும் எண்ணி எடுத்து மேசையில் வைத்து, மற்றக் கொத்துகளை அதன் உயரத்துக்கு ஒப்பிட்டுப் பிரித்துக்கொள்ளலாம். பிரித்த கொத்துகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்தால் வரிசை குலையாது. துளையிட்டு முடித்தவற்றை, இன்னும் துளையிடாதவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், அச்சு கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். கடைசியில் கட்டைத் திருப்பினால் பக்க வரிசை தானாகச் சரியாக இருக்கும்.

கொத்தை நுழைக்கும்போது இரண்டு அசைவுகள் மட்டும்: முதலில் பிளவின் அடிவரை நேராக இறக்குங்கள், பிறகு பக்கத் தடுப்பை முட்டும்வரை தள்ளுங்கள். கட்டப்போகும் விளிம்புதான் உள்ளே போகிறதா என்பதை ஒவ்வொரு கொத்துக்கும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். நூறாவது கொத்தில்தான் கை தானாகவே தாளைத் திருப்பி நுழைக்கும். கைப்பிடியை ஒரே சீராக, இறுதிவரை அழுத்துங்கள். வெட்டுவது போல வேகமாக அடிப்பதும் பாதியில் நிறுத்தித் திரும்ப அழுத்துவதும் துளையின் ஓரத்தைப் பிசிறாக்கும். கைப்பிடி முழுவதும் மேலே திரும்பிய பிறகே தாளை உருவுங்கள். மின்சாரத்தில் இயங்கும் இயந்திரமாக இருந்தால் துப்பட்டா நுனி, டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு ஆகியவை பிளவின் அருகே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன் அட்டையாகப் போடும் பிளாஸ்டிக் தாள், அதாவது கடைகளில் ஓ.எச்.பி. ஷீட் என்று கேட்டு வாங்குவது, தனியாக நுழைத்தால் வழுக்கி நகரும். துளையின் விளிம்பிலும் பிசிறு தொங்கும். இரண்டு வீணான தாள்களுக்கு நடுவே அதை வைத்துத் துளையிட்டால் சுத்தமாக வரும். ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். பின்பக்கத்துத் தடித்த அட்டையையும் தாள்களோடு கலக்காமல் தனியாகத் துளையிடுங்கள். அட்டைகள் தாளைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் முதலிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும். அப்படி இருந்தால் அவற்றுக்கு மட்டும் பக்கத் தடுப்பைச் சிறிது மாற்ற நேரும்.

அடியில் இருக்கும் துணுக்குத் தட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெட்டி விழும் செவ்வகத் துணுக்குகள் தட்டு நிறைந்ததும் மேலேறிப் பற்களின் பாதையை அடைத்துக்கொள்ளும். கைப்பிடி கனத்துப் போகும், ஒரு நேரத்தில் பாதியிலேயே நின்றுவிடும். இயந்திரம் பழுதாகிவிட்டது என்று சர்வீஸ் ஆளை அழைத்த சில சமயங்களில், அவர் வந்து தட்டை உருவிக் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒருமுறை காலி செய்வது நல்ல பழக்கம். அப்படியும் துணுக்குகள் சிக்கிவிட்டால், மின் இயந்திரமென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிறகு தடித்த அட்டைத் துண்டு ஒன்றை நுழைத்து மேலும் கீழும் அசைத்துத் தள்ளுங்கள். திருப்புளியால் குத்த வேண்டாம்.

ஏதேனும் ஒரு தாள் தவறிப்போனால், அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி அச்செடுத்துச் சேருங்கள். இதற்காகவே, கட்டி முடிக்கும் வரை கணினியில் கோப்பை மூட வேண்டாம். அச்செடுக்க வேர்டு கோப்பைவிட பி.டி.எஃப். உகந்தது; வேறொரு கணினியிலிருந்து அதே பக்கத்தை எடுத்தாலும் வரிகள் இடம் மாறியிருக்காது.

சீப்பின் அளவும் கோத்தலும்

80 ஜி.எஸ்.எம். தாள் நூறு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனம். 500 தாள் ரீம் ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருப்பதை வைத்து இதை நினைவில் கொள்ளலாம். அட்டைகளையும் சேர்த்துக் கட்டின் கனத்தை ஸ்கேலால் அளந்து, அதோடு 3 அல்லது 4 மில்லிமீட்டர் கூட்டி வரும் அளவில் சீப்பைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கணக்குப்படி 25 தாளுக்கு 6 மில்லிமீட்டர், 60 தாளுக்கு 10, நூறு தாளுக்கு 14, இருநூறுக்கு 25 என்று வரும். இறுக்கமாக இருந்தால் அழகாக இருக்கும் என்று எண்ணிச் சிறியதைப் போட்டால் பக்கம் திரும்பாது, முதல் வாரத்திலேயே துளைகள் கிழியும். மிகப் பெரியதைப் போட்டால் தாள்கள் உள்ளே அலைந்து முதுகு சாயும். 51 மில்லிமீட்டர் வரை சீப்புகள் கிடைக்கின்றன என்றாலும் 25-ஐத் தாண்டினால் இரண்டு தொகுதியாகப் பிரிப்பதே என் பரிந்துரை. பெரிய சீப்புகளில் பற்கள் சற்றே முட்டை வடிவமாக இருப்பதாலும், தாளின் கனம் பற்களை விரிப்பதாலும், கடைசிப் பக்கங்கள் மெல்ல நழுவி வெளியே வரத் தொடங்கும்.

கோக்கும் முறை இது. சீப்பின் முதுகு இயந்திரத்தின் நிலையான தகடுகளுக்குப் பின்னாலும், பற்களின் திறந்த முனை மேல்நோக்கியும் இருக்கும்படி, ஒவ்வொரு பல்லும் கொக்கிகளுக்கு இடையே உட்காருமாறு பொருத்துங்கள். கைப்பிடியை மெதுவாக நகர்த்தினால் கொக்கிகள் பற்களை இழுத்துத் திறக்கும். தாள் வழுக்கி இறங்கும் அளவுக்குத் திறந்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் வெளுத்து, திரும்பச் சுருளும் தன்மையை இழந்துவிடும். சன்னலோரம் வெயிலில் கிடந்த பழைய சீப்புகளில் பற்கள் ஒடியவும் செய்யும்.

முன் அட்டை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். மூன்று துண்டுத் தாள்களில் 1, 2, 3 என்று எழுதித் துளையிட்டு ஒருமுறை கோத்து மூடிப் பாருங்கள்; விடை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு உண்மையான தாள்களைப் பதினைந்து, இருபதாக ஏற்றுங்கள். ஒவ்வொரு கொத்தையும் ஏற்றியதும் இரு முனைகளிலும் விரல் வைத்து, எல்லாத் துளைகளும் பற்களுக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். முழுவதும் ஏறியதும் கைப்பிடியை மெதுவாகப் பின்னுக்கு விட்டுப் பற்களை மூடி, கட்டை மேல்நோக்கித் தூக்கி எடுங்கள். பற்களின் நுனிகள் சீப்பின் முதுகுக்குள் ஒடுங்கி நிற்க வேண்டும். வெளியே துருத்தும் பல்லை விரலால் உள்ளே தள்ளிவிடலாம்.

வைரோ, ஸ்பைரல், தெர்மல்

வைரோவில் துளைகளின் இடைவெளி இரண்டு வகை. 14 மில்லிமீட்டர் வரையிலான கம்பிக்கு அங்குலத்துக்கு மூன்று துளை. ஏ4-க்கு 34 வளையங்கள். அதைவிடத் தடித்ததற்கு அங்குலத்துக்கு இரண்டு. அதில் 23 வளையங்கள். ஒன்றுக்கு இட்ட துளையில் மற்றது ஏறாது என்பதால், கம்பியின் அளவை முடிவு செய்த பிறகே துளையிடுங்கள். கம்பியின் திறந்த வாயை அழுத்தி மூடுவதே இதில் கடைசி வேலை. கம்பியின் விட்டத்துக்கு ஏற்பக் குமிழைத் திருப்பி வைத்து, ஒரேயடியாக அழுத்தாமல் இரண்டு மூன்று முறையாகச் சிறிது சிறிதாக மூடுங்கள். நுனிகள் எதிர்ப்பக்க வளைவைத் தொட்டு நின்றால் போதும். அதிகம் அழுத்தினால் வட்டம் முட்டையாகி மறுபடி இடைவெளி விழும். அதன் வழியே தாள்கள் வழுக்கி வெளியேறும்.

கம்பி மூடிய தையல் வெளியே தெரியாமல் மறைக்க ஒரு கைவேலை உண்டு. பின் அட்டையைக் கட்டின் பின்னால் வைக்காமல், முன் அட்டையின் மேல், தன் உட்புறம் மேல்நோக்கித் தெரியும்படி வைத்துக் கோத்து மூடிவிட்டு, பிறகு அந்த அட்டையை மட்டும் சுற்றிப் பின்னுக்குத் திருப்பினால், தையல் கடைசித் தாளுக்கும் பின் அட்டைக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். வைரோவைப் பிரித்து மறுபடி கட்ட அதே கம்பி உதவாது. ஆகவே கம்பியை மூடும் முன் பக்க எண்களைக் கடைசியாக ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்பைரலில் துளை இடைவெளி இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதால், சுருள் வாங்கப் போகும்போது துளையிட்ட தாள் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். தடித்த கட்டில் சுருள் பாதியில் முட்டி நின்றால், கட்டின் முதுகை நேராக வைக்காமல், ஓர் உருளையின் மேல் சாய்த்தது போலச் சற்று வளைத்துப் பிடித்தால், துளைகள் சுருளின் வளைவோடு ஒத்துப்போய் வழிவிடும். ஏறி முடிந்ததும் இரு முனைகளையும் வெட்டி, நுனியைக் குறட்டால் உள்நோக்கி வளைத்துவிடுங்கள். வளைக்காமல் விட்ட நுனி கையைக் கீறுவதோடு, சில நாளில் சுருளும் தானே சுழன்று வெளியே வந்துவிடும்.

தெர்மலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகின் அகலம் கட்டின் கனத்துக்குச் சரியாகப் பொருந்தும் உறையை எடுத்து, தாள்களின் விளிம்பு பசையை முழுவதும் தொடும்படி தட்டி இறக்கிவிட்டு இயந்திரத்தில் நிறுத்துங்கள். வெளியே எடுத்த சூட்டோடு திறந்து பார்க்க ஆசைப்படாமல், முதுகு கீழே இருக்கும்படி ஐந்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள். வழவழப்பான ஆர்ட் தாளில் பசை சரியாகப் பிடிக்காது.

வேலை முடிந்த பிறகு

கட்டிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, ஒன்றின் முதுகு இடப்புறமும் அடுத்ததன் முதுகு வலப்புறமுமாக மாற்றி மாற்றி வையுங்கள்; எல்லா முதுகுகளையும் ஒரே பக்கம் அடுக்கினால் கட்டு ஒரு பக்கம் உயர்ந்து சரிந்து விழுவதோடு, அடியில் இருக்கும் சீப்பும் நசுங்கும். இயந்திரக் கையேடு இடம் கொடுத்தால், ஆண்டுக்கு ஓரிரு முறை பற்களின் மேல் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, எண்ணெய்க் கறை படுவது நிற்கும்வரை வீண் தாள்களைத் துளைத்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவரின் முதல் பத்துப் பக்கங்களில் அந்தக் கறை இருக்கும். பிறகு ஒரு சிறு அட்டையில், உங்கள் இயந்திரத்தின் ஏ4 தடுப்பு எந்தக் கோட்டில் நிற்க வேண்டும், ஆழக் குமிழ் எந்த எண்ணில் இருக்க வேண்டும், ஒரு முறைக்கு எத்தனை தாள், முன் அட்டை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற நான்கையும் எழுதி மூடியின் உட்புறம் செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள்.